ஐந்து கால் எறும்பு

தேவகோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
பகலெல்லாம் ஊசி குத்துவதும்
குழாய்மேல் பெயர் ஒட்டுவதும் என் வேலை.
பெயர் மாறினால் நோய் மாறிவிடும்.
அதனால் இருமுறை கேட்பேன்:
பேர் சொல்லுங்க, அப்பா பேர் சொல்லுங்க.

இரவு பதினொன்றுக்கு மேல் வரைவேன்,
தவணை முடியாத டேப்லெட்டில்.
போன ஆடியில் வரைந்தது:
தொண்டி பஸ்ஸின் கடைசிப் படியில்
கருவாட்டுக் கூடையை இடுப்பால் முட்டுக்கொடுத்து
கண்டக்டரை முறைக்கும் ஒரு அம்மாள்.
நாற்பத்தொரு அடுக்கு.
முறைப்புக்கு மட்டும் ஒன்பது இரவு.
மூலையில் கையெழுத்து.
கூடை விளிம்பில் ஓர் எறும்பு, அதற்கு ஐந்தே கால்.
என் படம் எல்லாவற்றிலும் ஒன்று ஊரும்.
யாரிடமும் சொன்னதில்லை.

ஜெசிந்தாதான் அனுப்பினாள், உன்னோடதா பாரு என்று.
வேறொருவன் பெயரில், நாலாயிரம் இதயங்களோடு.
கையெழுத்திருந்த மூலையை வெட்டிவிட்டு
அடியில் ஒரு வரி: ‘உரியவருக்கு நன்றி.’
உரியவள் நான்தான்.
நன்றி வீட்டுக்கு வந்து சேரவில்லை.

எழுதிக் கேட்டேன்.
“நெட்ல கிடந்துச்சு சிஸ்டர்” என்றான்,
ரோட்டில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல.
அப்புறம் பிளாக் செய்துவிட்டான்.
புகார்ப் படிவம் நிரப்பினேன்.
விதிமீறல் எதுவும் இல்லை என்று
நாலாவது நிமிடம் பதில் வந்தது.
மனிதர் எழுதியதுபோல் இல்லை.

பிறகு அந்த அம்மாள் காரைக்குடியில் முளைத்தார்.
செக்காலை ரோட்டில், பதினாறடி உயரத்தில்,
புது மெஸ் ஒன்றின் பிளக்ஸில்.
தலைக்கு மேலே ‘அசல் செட்டிநாட்டுச் சுவை.’
எறும்பு என் உள்ளங்கை அகலம் இருந்தது.
வெயிலில் நின்று கால்களை எண்ணினேன்.
திரும்ப எண்ணினேன்.

கல்லாவில் இருந்தவர் பிளக்ஸ் கடையைக் காட்டினார்.
பிளக்ஸ் கடை சவரிமுத்து டிசைன் பையனைக் காட்டினார்.
பையன் போனைக் காட்டினான்.
மறுபடி கல்லாவுக்கே வந்து
ஒவ்வோர் அடுக்காக அணைத்துக் காட்டினேன்,
தோல் போய், சேலை போய், கூடை போய்
வெறும் கோடு மிஞ்சும்வரை.
“சரிம்மா, ஒரு சாப்பாடு சாப்பிட்டுப் போ.”

வட்டிக் கணக்குத் தெரிந்த ஊர்தானே இது,
அசல் என்னுடையது, வட்டி எவனுக்கு என்று கேட்டேன்.
கேட்கவில்லை, கத்தினாய் என்கிறாள் ஜெசிந்தா.

“அசல் ஒன்னுதா?”

திரும்பினால் கூடை. இடுப்பு.
அதே முறைப்பு, இந்த முறை எனக்கு.
மெஸ்ஸுக்கு நெத்திலி போட வந்திருந்தார் முத்துராக்கு.
அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.
“பஸ்ஸுல போனைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்னது நீதானா?
ஒரு வார்த்தை கேட்டியா?”

பேர் சொல்லுங்க, அப்பா பேர் சொல்லுங்க
என்று ஊரையே கேட்ட வாய்
ஒட்டிக்கொண்டது.

“மூஞ்சி என்னுது. கூடை என்னுது.
மூணு ரூவா சில்லறைக்கு அவன் பேசுன பேச்சு இருக்கே,
அந்தக் கோவமும் என்னுது.
எறும்பு வேணா ஒன்னோடது, வச்சுக்க.”
சற்று நேரம் கழித்து,
“எவ்வளவு குடுத்தான்?”
“ஒரு சாப்பாடு.”
“ரெண்டா கேளு.”

குழம்பில் புளி தூக்கல் என்றார்.
கம்மலில் கல் வெள்ளை இல்லை, சிவப்பு என்றார்.
நம்பர் தந்தார், எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

கல்லைச் சிவப்பாக்கினேன்.
முகம் முத்துராக்கு, தொண்டி என்று முதலில் எழுதி
அதன் கீழே என் பெயரை எழுதினேன்.
மறுநாள் விளக்கு வைக்குமுன்
இரண்டு பெயரையும் யாரோ வெட்டியிருந்தார்கள்.
எறும்பு வேறொரு பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

படிவத்தைத் திறந்தேன்.
‘உரிமையாளர் பெயர்’ என்பதற்கு எதிரே
ஒருவருக்குத்தான் கட்டம் இருந்தது.
தொண்டிக்குப் போன் போட்டேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
பஸ்ஸில் இருப்பார்.